1833க்கு முன்பும் ஈயத்திலிருந்து வெள்ளி பிரித்தார்கள்

"1833க்கு முன் இங்கிலாந்தில் ஈயத்திலிருந்து வெள்ளியைப் பிரிக்கத் தெரியாது" என்று சொல்வது தவறு. எலும்புச் சாம்பல் படுகையில் ஈயத்தை உருக்கி, காற்றூதிப் பிரிக்கும் புடமுறை மிகப் பழையது. சிக்கல் செலவில்தான். கொஞ்சம் வெள்ளிக்காக மொத்த ஈயத்தையும் ஆக்சைடாக்கி, பிறகு அதைத் திரும்ப ஈயமாக்க வேண்டும். எரிபொருளும் போகும், புகையோடு ஈயமும் போகும். டன்னுக்குச் சுமார் 8 அவுன்ஸ் வெள்ளியாவது இல்லாவிட்டால் கட்டுப்படியாகாது.

ஆங்கிலேய வேதியியலாளர் பாட்டின்சன் 1833இல் காப்புரிமை பெற்ற முறை புடத்தை ஒழிக்கவும் இல்லை. உருகிய ஈயத்தை மெல்ல ஆறவிட்டால் முதலில் உறையும் படிகங்களில் வெள்ளி குறைவு. அவற்றைத் துளைக்கரண்டியால் அள்ளி அடுத்த கொப்பரைக்கு மாற்றினால், மிஞ்சும் திரவத்தில் வெள்ளி செறியும். இப்படி வரிசையாகப் பல கொப்பரைகளில் செய்து, செறிந்த சிறு பங்கை மட்டும் புடத்துக்கு அனுப்பினார்கள். டன்னுக்கு 2-3 அவுன்ஸ் உள்ள ஈயம்கூட லாபம் தந்தது அதனால்தான்.