குளத்தின்ர அடிக்கு ஏன் சீமெந்து?

நேற்று ஊர் வைபர் குறூப்பில நடந்தது எல்லாருக்கும் தெரியும், திரும்பச் சொல்லேல்லை. எங்கட ஊர்க் குளத்தின்ர அடிக்குச் சீமெந்து போட்டுக் கொமிற்றி கட்டின குளக்கரைப் பூங்கா திறந்த படங்களுக்குக் கீழ நான் கேட்டது ஒரேயொரு கேள்வி: குளத்தின்ர அடிக்கு ஏன் சீமெந்து? "அண்ணைக்கு எதிலயும் நொட்டைதான்" எண்டு பதில் வந்தது. பிறகு என்னைக் குறூப்பிலயிருந்தே தூக்கியாச்சு.

நடைபாதை போடுங்கோ, வாங்கு போடுங்கோ. சின்னனுகளுக்கு ஊஞ்சல் கட்டுங்கோ, நானே வந்து ஆட்டிவிடுறன். குளத்தின்ர அடியை மட்டும் மூடாதேங்கோ.

யாழ்ப்பாணத்தில எங்களுக்கு வருசம் முழுக்க ஓடுற ஆறில்லை. வழுக்கையாறும் மாரியோட சரி. மாரிமழை குளங்களில தேங்கி, சுண்ணக்கல்லுக்குள்ளால இறங்கித்தான் கிணறுகளுக்கு வருது. அந்த நல்ல தண்ணி உப்புத்தண்ணிக்கு மேல மிதக்குது. கடல்மட்டத்துக்கு மேல 1 அடி நிண்டால் கீழ 40 அடி நிக்கும் எண்டது கணக்கு. மேல 1 அடி குறைஞ்சால்? கொமிற்றியில கணக்குப் படிச்ச ஆக்கள் இருக்கினம்தானே, கேட்டுப் பாருங்கோ.

இப்ப குழாய்க்கிணறு அடிச்சு, மோட்டர் போட்டுக் குளத்தை நிரப்புகினம். கிணத்துக்குத் தண்ணி குடுத்த குளம் கிணத்திட்டயே கடன் வாங்குது! ஃபவுண்டன் வேற, கலர் லைற்றோட.

"யாழ்ப்பாண ரவுணில ஆரியகுளத்தை 2021இல திருத்தினாப்பிறகு எவ்வளவு வடிவு, அதைப் பாருங்கோ" எண்டு ஒரு தம்பி. வடிவுதான். நானும் மனிசியோட அந்தப் பக்கம் உலாத்தப் போறனான். வடிவைப் பற்றி ஆர் கதைச்சது? மண்ணடிக் குளமெண்டால் நுளம்பு பெருகும் எண்டு இன்னொராள். குடம்பி தின்னுற மீனை விடுங்கோ. சீமெந்துத் தொட்டியில நுளம்பு முட்டை போடாதோ? காசு தந்த வெளிநாட்டுச் சனத்துக்கு மனம் நோகுமாம். நோகட்டும்.

கோடையில குளம் வத்தினால் அப்பா மாட்டுவண்டில் பிடிச்சுக் குளத்து மண் ஏத்தி வாழைக்குப் போடுவார். குளமும் ஆழமாச்சு, தோட்டத்துக்குப் பசளையுமாச்சு. அதுக்கு ஆரும் நாடா வெட்டேல்லை.

சண்டையால 1995இல இடம்பெயர்ந்து 1996இல திரும்பி வரேக்க வீட்டுக்குக் கூரையில்லை, கதவில்லை. அப்பா முதல் போனது கிணத்தடிக்கு. குப்பையள்ளி, பாசிபிடிச்ச தண்ணியை இறைச்சு விட்டார். விடியப் பார்த்தால் புதுத்தண்ணி ஊறி நிண்டது. ஒரு செம்பு குடிச்சுப்போட்டுத்தான் மனுசன் அழுதது. அந்தத் தண்ணி ஆற்ற நன்கொடையெண்டு நினைக்கிறியள்?

எனக்கு நொட்டையாம்.

குறூப்பில சேர்க்கிறதும் விடுறதும் உங்கட விருப்பம். அந்த மோட்டரை இரவிலயாவது நிப்பாட்டுங்கோ, சத்தத்தில அம்மா நித்திரை கொள்ளுறா இல்லை.