"ஏன் பத்திரமா வைக்கேல்ல?"

ஞாயிற்றுக்கிழமை காலமை. பிளேன்ரீயில் வாய் வைக்கவில்லை, லண்டனில் இருந்து மச்சானின் குரல்பதிவு வந்து விழுகிறது. "மச்சான், அம்மப்பான்ர ஆமிப் பேப்பர் ஒண்டும் கிடைக்கேல்லையோ? இவ்வளவு பெறுமதியான சாமானை நீங்கள் ஏன் பத்திரமா வைக்கேல்ல?"

நீங்கள்! இது மரியாதைக்குச் சொன்ன நீங்கள் இல்லை. ஊரிலேயே இருந்துவிட்ட எங்கள் எல்லாரையும் ஒரே கயிற்றில் கட்டிச் சொன்ன நீங்கள். இவன் 1989இல் பிளேன் ஏறியவன். அதுவரைக்கும் அதே உரும்பிராய் வீட்டில், அதே விறாந்தையில்தான் படுத்து எழும்பினான். அப்போது அவன் எதைப் பத்திரமாக வைத்தான்? ஒரு பேப்பரைக்கூட இல்லை. ஆனால் கேள்வி என்னிடம்.

விசயம் இதுதான். அவனுக்கு அம்மப்பா, எனக்கு அப்பப்பா. மனிசன் இரண்டாம் உலகப்போரில் வெள்ளைக்காரனின் படையில் இருந்தவர். மச்சானின் மகள் பள்ளிக்கூடத்தில், போரில் செத்த படைக்காரரை நினைக்கும் நவம்பர் 11க்குச் சிவப்புப் பூ குத்திக்கொண்டு நிற்கிறாள். பக்கத்துப் பிள்ளைகள் பூட்டனின் பதக்கம், படம், கடிதம் என்று கொண்டுவந்து காட்டுகிறார்கள். இவளும் கேட்டிருக்கிறாள், "எங்கட பூட்டன் என்ன செய்தவர்?" அந்தப் பிள்ளையில் எனக்குக் கோபமே இல்லை. நல்ல கேள்வி. அறுபது வருடமாக எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்காத கேள்வி. ஆனால் அதற்குத் தகப்பன் கண்டுபிடித்த வழி என்ன? "மச்சான், நீ அங்கதானே நிக்கிறாய், ஒருக்காப் போய் எடுத்து அனுப்பு." ஏதோ சங்கக்கடையில் மா வாங்கி வருவது மாதிரி.

எங்கே போய் எடுக்க? முதலில் அவர் எந்தப் படை என்று தெரியவேண்டுமே. பெரியத்தையைக் கேட்டால் எகிப்து என்கிறா. சித்தப்பா, இல்லை, 1942 ஏப்ரல் 9இல் யப்பான்காரன் திருகோணமலையில் குண்டு போட்டபோது அங்கே நின்றவர் என்கிறார். இன்னொரு பெரியப்பாவுக்கு அப்பப்பா நேதாஜியோடு போனவர். சொல்லும்போதே மனிசனுக்குக் கண் கலங்கும். அது பக்கத்து வீட்டு மலாயாப் பென்சன்காரரின் கதை என்பது என் சந்தேகம். அதைச் சொல்லி யார் அடி வாங்குவது?

மூன்று கதைக்கு மூன்று நாடு. நேதாஜி என்றால் டெல்லிப் பக்கம் தேடவேண்டும். திருகோணமலை என்றால் அந்தக்கால இலங்கைப் பாதுகாப்புப் படையாக இருக்கலாம். அதைக் கலைத்துத்தான் 1949இல் இலங்கை இராணுவத்தை உண்டாக்கினார்கள், ஆகவே கொழும்பு. எகிப்து என்றால் லண்டன். இங்கேயிருந்து எங்களூர் ஆட்கள் பயனியர் படையிலும் ராயல் ஆமி சேர்விஸ் படையிலும் சேர்ந்து மத்திய கிழக்குக்குப் போனார்கள். மூட்டை சுமந்தார்கள், வீதி போட்டார்கள், லொறி ஓட்டினார்கள்.

என்னைக் கேட்டால் நான் எகிப்துக்குத்தான் கை தூக்குவேன். ஆதாரம்? ஆடு. வேலிக்குள்ளால் ஆடு தலையை நுழைத்தால் அப்பப்பா பூவரசந்தடியை ஓங்கிக்கொண்டு "இம்ஷி! இம்ஷி!" என்று கத்துவார். கோழிக்கும் அதே இம்ஷி. மாம்பழம் பொறுக்க வரும் எங்களுக்கும் அதே இம்ஷி. ஒழுங்கையில் உள்ள ஆடு, நாய் எல்லாவற்றுக்கும் அந்தச் சொல் விளங்கும். எங்களுக்கு அது ஏதோ அப்பப்பா தானே செய்த சொல். போன வருடம் கட்டாரில் இருந்து வந்த மருமகனிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். அவன் சிரித்துவிட்டுச் சொல்கிறான், "மாமா, அது அரபி. போ எண்டு கலைக்கிறது." எகிப்தில் நின்ற வெள்ளைக்காரச் சிப்பாய்கள் எல்லாருடைய வாயிலும் இருந்த சொல்லாம் அது. எனக்கு மயிர் கூச்செறிந்துவிட்டது. ஐம்பது வருடம் எங்கள் வேலியோரம் எகிப்து நின்றிருக்கிறது.

ஆனால் எந்தப் படிவத்தில் இம்ஷி என்று எழுத இடம் விட்டிருக்கிறார்கள்?

படிவம் கேட்பது குடும்பப் பெயர். அப்பப்பாவின் உண்மைப் பெயரை இங்கே போடவில்லை, கந்தர் செல்லையா என்று வைத்துக்கொள்ளுங்கள். உரும்பிராயில் கல் எறிந்தால் ஒரு செல்லையாவில்தான் விழும். கந்தர் என்பது அவரின் தகப்பன் பெயர். ஆனால் வெள்ளைக்காரனின் கணக்கில் கடைசியில் நிற்பது குடும்பப் பெயர், முன்னால் நிற்பது ஆளின் பெயர். அப்படியென்றால் படைக்குப் போனது கந்தர்! ஆனையிறவுக்கு அங்கால் கால் வைக்காத கிழவனைக் கொண்டுபோய் எகிப்தில் விட்டாயிற்று. இல்லை, கிளாக்கர் ஒருவர் நல்லபிள்ளையாகத் திருப்பி எழுதியிருந்தால் செல்லையா. அதை ஆங்கிலத்தில் எப்படி எழுதினார்? சீ-எச்சில் தொடங்கினாரா, எஸ்ஸில் தொடங்கினாரா? எல் ஒன்றா, இரண்டா? நடுவில் ஏ, ஐ இரண்டு எழுத்துமா, ஐ மட்டுமா? வாலில் எச் உண்டா, இல்லையா? ஒரு கொப்பியை எடுத்து எழுதிப் பார்த்தேன், 16 வந்தது. கந்தரை அதே மாதிரி எழுதிப் பார்த்தால் 8. பெருக்குங்கள். 128 பேர். ஒரு மனிசன் போய் 128 பேராகத் திரும்பி வந்திருக்கிறார், ஒருத்தரைக்கூடக் காணவில்லை.

பதக்கத்தில் பெயர் இருக்குமே என்று மச்சான் கேட்டான். இருக்காது. முதலாம் உலகப்போர்ப் பதக்கத்தின் விளிம்பில் பெயர் வெட்டியிருப்பார்கள். இரண்டாம் போரில் பிரித்தானியப் படைக்குக் கொடுத்த நட்சத்திரப் பதக்கங்களை வெறுமையாகத்தான் கொடுத்தார்கள். சரி, வெறுமையான நட்சத்திரமாவது எங்கே? அப்பாச்சியின் தையல் மெசின் லாச்சிக்குள், நூல்கட்டைகளோடு, ஒரு முனை வளைந்து கிடந்தது. சின்னனில் எடுத்து விளையாடியிருக்கிறேன். 1995 ஐப்பசி 30 இரவு இடம்பெயர்ந்து வீட்டை விட்டு இறங்கும்போது அது லாச்சிக்குள்தான் இருந்தது.

அந்த இரவைப் பற்றி மச்சானுக்கு ஒருக்கால் வடிவாகச் சொல்லவேண்டும். வலிகாமச் சனம் முழுக்க ஒரே வீதியில். மழை. நாவற்குழிப் பாலத்தில் ஒரு சைக்கிளை முன்னால் தள்ள ஒரு மணித்தியாலம். அப்பப்பாவைச் சைக்கிள் கரியரில் இருத்தி, ஒரு கையால் அவரைப் பிடித்துக்கொண்டு, அப்பா தள்ளுகிறார். என் கையில் ஒரு சொப்பிங் பை. காணி உறுதி, அம்மாவின் தாலிக்கொடி, எங்கள் பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், அக்காவின் ஓ/எல் சான்றிதழ். அவ்வளவுதான். 1943இல் யாரோ ஒரு வெள்ளைக்கார ஒபிசர் கையெழுத்து வைத்த சம்பளப் புத்தகத்தை அந்தப் பைக்குள் வைக்கவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. மன்னித்துக்கொள்ளவும், லண்டன் துரை. அடுத்த இடப்பெயர்வில் கவனமாக இருக்கிறோம்.

1996இல் திரும்பி வந்தபோது லாச்சியும் இல்லை, மெசினும் இல்லை, யன்னல் நிலையும் இல்லை. அப்பப்பாவும் இல்லை. அவர் கார்த்திகையிலேயே தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் போய்விட்டார், 77 வயதில்.

இங்கேதான் அடுத்த கூத்து. பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சின் பழைய சேவைக் கோப்புகளை 2022 முதல் லண்டனில் கியூ (Kew) என்ற இடத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாற்றிக்கொண்டு வருகிறார்கள். 97 இலட்சத்துக்குக் கிட்ட. ஆள் செத்ததற்குச் சான்று காட்டவேண்டும். இல்லையென்றால் பிறந்து 115 வருடம் ஆகும்வரை கோப்பு மூடித்தான் இருக்கும். அது அவர்கள் சட்டம், உயிரோடு இருப்பவரின் கோப்பைக் கண்டவனும் திறக்கக்கூடாது, நியாயம்தான். அப்பப்பா 1918. 115ஐக் கூட்டினால் 2033. மரண அத்தாட்சி கிடைக்காவிட்டால் சுடலையில் எரித்த மனிசன் வெள்ளைக்காரன் கணக்கில் 2033 வரை உயிரோடு இருப்பார்.

அதற்காகத்தான் நான் லீவு போட்டு அலைகிறேன். மரணத்தைப் பதிந்தது அப்பா. எங்கே, எந்தப் பெயரில், எத்தனையாம் திகதி என்பது அவருக்குத்தான் தெரியும். அவரும் இப்போது இல்லை. ஒரு அலுவலகத்துக்குப் போனேன், அங்கேயிருந்து இன்னொன்றுக்கு அனுப்பினார்கள், அங்கே "அந்த வருசப் புத்தகத்தைத் தேடத்தான் வேணும், திகதி சரியாத் தெரியுமோ?" தெரிந்தால் நான் ஏன் பிள்ளை உங்களிடம் வருகிறேன்? பிறகு என்ன தேவைக்கு என்று கேட்டா. நானும் யோசிக்காமல், "அப்பப்பா ஆமியில இருந்தவர், அதுக்கு" என்றேன்.

பேனை நின்றது. பக்கத்து மேசையில் முத்திரை குத்திக்கொண்டு இருந்தவரின் கையும் நின்றது. காற்றாடி மட்டும் சுத்துது.

"எந்த ஆமி, ஐயா?" மெல்லிய குரலில்.

"வெள்ளைக்காரன்ர ஆமி, பிள்ளை. ஹிட்லரோட சண்டை பிடிச்சது."

"ஓ, அந்தக் காலமோ." பேனை ஓடத் தொடங்கியது. எனக்கு வேர்த்துவிட்டது. இந்த ஊரில் ஆமி என்ற சொல்லைத் தனியே விடக்கூடாது. முன்னால் ஒரு நாட்டுப் பெயரைச் சேர்த்துத்தான் வெளியே எடுக்கவேண்டும். லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருப்பவனுக்கு இது எங்கே விளங்கப்போகிறது?

சில நேரம் யோசிப்பேன், மனிசன் அங்கேயே செத்திருந்தால் வேலை சுகம். போரில் இறந்தவர்களின் பெயர்களைக் கொமன்வெல்த் போர்க் கல்லறை ஆணைக்குழு ஒழுங்காக எழுதி வைத்திருக்கிறது. திருகோணமலையில் நிலாவெளி வீதியில் உள்ள கல்லறையைப் போய்ப் பாருங்கள், புல்லுக்கூட வெட்டி வைத்திருப்பார்கள். கலகம் செய்திருந்தாலும் பெயர் நிற்கும். 1942இல் இந்து சமுத்திரத்தில் உள்ள கோகோஸ் தீவில் கலகம் செய்த இலங்கைப் பீரங்கிப் படைக்காரர் மூன்று பேரைத் தூக்கில் போட்டார்கள், இன்றுவரை அவர்களைப் பற்றி எழுதுகிறார்கள். அப்பப்பா செய்த பிழை, சொன்ன வேலையைச் செய்துவிட்டு உயிரோடு வீட்டுக்கு வந்து தோட்டம் கொத்தியது.

"லைப்ரரியில பழைய பேப்பர் பாக்கேலாதோ?" இதுவும் அவன்தான். யாழ்ப்பாணத்தில் பிறந்தவன் கேட்கிறான்! 1981 யூன் தொடக்கத்தில் யாழ்ப்பாண நூலகத்தின் 97,000 புத்தகம் எரிந்த மணம் உரும்பிராய்க்கு வராமல் போயிருக்கலாம், செய்தி வந்ததுதானே? அவனுக்கு அப்போது பதினைந்து வயது. நான் பதில் போடவில்லை. போட்டிருந்தால் சொந்தம் அறுந்திருக்கும்.

பத்திரம் என்றால் என்னவென்று அப்பாச்சியைக் கேட்டிருக்கவேண்டும். சீருடையில் அப்பப்பா நிற்கும் படம் ஒன்று சாமியறைக்குப் பக்கத்துச் சுவரில் தொங்கியது. 1987இல் இந்திய ஆமி வீடு வீடாகச் சோதனைக்கு வரத் தொடங்கியதும் அப்பாச்சி பயந்துவிட்டா. காக்கிச் சட்டையில் ஒரு ஆம்பிளையின் படம்; யார், எந்த இயக்கம் என்று கேட்டால் எந்தப் பாஷையில் விளக்குவது? கழற்றி, பொலித்தீனில் சுற்றி, பிஸ்கட் ரின்னுக்குள் வைத்து, மாட்டுக்கொட்டில் மூலையில் தாட்டுவிட்டா. சுவரில் விட்டிருந்தால் யன்னல் நிலையோடு படமும் போயிருக்கும். எங்கள் வீட்டில் உண்மையில் பத்திரமாக வைக்கப்பட்ட ஒரே சாமான் அதுதான். 2002இல் சமாதானம் என்று சொன்ன பிறகு கிழவி இடத்தைக் காட்ட, நான்தான் கிண்டி எடுத்தேன். ரின் கறள் பிடித்து ஓட்டை. உள்ளே கறையான்.

இடுப்புக்கு மேலே ஒன்றும் இல்லை. மிச்சம் இருப்பது ஒரு அரைக் காற்சட்டை, முழங்கால் வரை இழுத்துவிட்ட காலுறை, மினுக்கிய சப்பாத்து, பின்னால் ஸ்டூடியோக்காரன் வைத்த பூச்சாடியின் கால். எந்தப் படை என்று சொல்லும் சின்னம் தொப்பியில் இருக்கும். தொப்பி கறையானின் வயிற்றில்.

நேற்று இரவு கடைசியாக ஒரு நீட்டுக் குரல்பதிவு போட்டேன். மச்சான், நான் இந்த மரண அத்தாட்சியைத் தேடி எடுக்கிறேன், அது என் பொறுப்பு. மிச்சத்தை நீ பார். உன்ர ஈஸ்ட் ஹாமில் டிஸ்ட்ரிக்ட் லைனில் ஏறி ரிச்மண்ட் ரயிலில் இருந்தால் மாறவே தேவையில்லை, கியூ கார்டன்ஸில் இறங்கலாம். அங்கேயிருந்து நடக்கிற தூரம். 128 பெயரையும் எழுதிய கொப்பியைப் படம் எடுத்து அனுப்புகிறேன். நான் இங்கே செம்மணி வெயிலில் அலைகிறேன், நீ அங்கே இருந்து ஒரு நாள் போய் ஒரு மேசையில் கேட்கமாட்டாயா? சொல்லிவிட்டு, பிள்ளைக்காக அந்தப் படத்தையும் அனுப்பினேன்.

காலமை பதில் வந்தது. "வேலை மச்சான், லீவு எடுக்கேலாது. மற்றது, படத்தில முகம் தெரியேல்ல. ஒருக்கா வெளிச்சத்தில வைச்சு வடிவா எடுத்து அனுப்பு."