ஈ காக்கா இல்லாத கடற்கரை

(மே மாதக் கடைசி, ஞாயிற்றுக்கிழமை காலை. மணப்பாடு. மணல்மேட்டின் மேலே திருச்சிலுவைக் கோயில். கீழே கடற்கரையில் அத்தான் துண்டை விரித்து உட்கார்ந்திருக்கிறார். இரண்டு நாள் விடுமுறையில் சென்னையிலிருந்து வந்தவர். பக்கத்தில் மாப்பிள்ளை, அதாவது அவர் மனைவியின் தம்பி. திருநெல்வேலியிலிருந்து கார் ஓட்டி வந்த பாவத்துக்கு அவரும் உட்கார வைக்கப்பட்டிருக்கிறார். மற்றவர்கள் குகையைப் பார்க்கப் போயிருக்கிறார்கள்.)

அத்தான்: பார்த்தாயா மாப்பிள்ளை, ஈ காக்கா இல்லை. இந்த இடத்தைக் கண்டுபிடிக்க ஒன்றரை மாதம் தேடினேன்.

மாப்பிள்ளை: எங்கே தேடினீர்கள் அத்தான்? நான் பிறந்ததிலிருந்து இது இங்கேதான் இருக்கிறது.

அத்தான்: உனக்கு இதன் அருமை தெரியாது. மெரினாவில் ஞாயிற்றுக்கிழமை கடலைப் பார்க்க வேண்டுமென்றால் முன்னால் நிற்பவரின் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்க வேண்டும். கொஞ்ச நேரம் பேசாதே. இந்த அமைதியைக் கேள்.

(கேட்கிறார்கள்.)

அத்தான்: எவ்வளவு நேரம் ஆயிற்று?

மாப்பிள்ளை: எது?

அத்தான்: நாம் பேசாமல் இருந்தது.

மாப்பிள்ளை: கால் நிமிடம் இருக்கும்.

அத்தான்: அவ்வளவுதானா? சரி, அந்தக் கோயிலைப் பற்றி ஏதாவது சொல்லேன். சும்மாவா உட்கார்ந்திருப்பது?

மாப்பிள்ளை: சும்மா உட்காரத்தானே சென்னையிலிருந்து வந்தீர்கள்? அது 1581இல் கட்டியது. அதற்கும் நாற்பது வருடத்துக்கு முன்பே, 1542இல், சவேரியார் இந்தக் கரைக்கு வந்துவிட்டார். இப்போது அக்கா பார்க்கப் போயிருக்கிற குகையில்தான் தங்கி ஜெபம் செய்தாராம். உள்ளே ஒரு கிணறு உண்டு. பக்கத்திலேயே கடல், ஆனால் தண்ணீர் கரிக்காது என்பார்கள்.

அத்தான்: தனியாக ஒரு குகை. கொடுத்து வைத்த மனிதர்.

மாப்பிள்ளை: அவர் கரையோரம் ஊர் ஊராக நடந்தவர் அத்தான். குகைக்கு வந்ததே கொஞ்சம் மூச்சு விடத்தான் இருக்கும்.

அத்தான்: வெயில் ஏறுகிறதே, நிழல் எந்தப் பக்கம்?

மாப்பிள்ளை: கோயிலுக்கு மேற்கே கொஞ்சம் விழும். ஆனால் பூசை முடிகிற நேரம், அங்கே ஆள் இருப்பார்கள்.

அத்தான்: ஆளே வேண்டாம். துண்டைத் தலையில் போட்டுக்கொள்கிறேன்.

மாப்பிள்ளை: அறை வாடகையைக் கேட்டதுமே நேற்றுப் போட்டுக்கொள்வீர்கள் என்று நினைத்தேன்.

அத்தான்: அதை விடு. படகெல்லாம் கரையிலேயே கிடக்கிறதே, எப்போது போய் எப்போது திரும்பும்? துள்ளத் துள்ள வாங்கி, மிளகாயும் உப்பும் தடவி, இங்கேயே சுட்டு...

மாப்பிள்ளை: இன்றைக்குப் போகாது.

அத்தான்: தெரியும், தடைக்காலம். பேப்பரில் படித்தேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். மீன் குஞ்சு பொரிக்கிற காலம். நானும் விஷயம் தெரிந்தவன்தான்.

மாப்பிள்ளை: அது விசைப்படகுக்கு. இவையெல்லாம் வள்ளம். தடைக்காலத்திலும் போகும்.

அத்தான்: அப்புறம் என்ன?

மாப்பிள்ளை: இன்று ஞாயிற்றுக்கிழமை. இந்தக் கரையில் ஞாயிறு யாரும் தொழிலுக்குப் போகமாட்டார்கள். உங்கள் அலுவலகம் இன்றைக்கு உண்டா?

அத்தான்: இல்லை.

மாப்பிள்ளை: அதேதான்.

அத்தான்: நான் விடுமுறையில் வருகிற அன்றைக்கே மீன்காரர்களுக்கும் விடுமுறையா? நேற்றே வந்திருக்கலாம்.

மாப்பிள்ளை: நேற்று திருச்செந்தூரில் வரிசையில் நின்றீர்கள். முருகனைப் பார்க்காமல் கடலைப் பார்க்கக் கூடாது என்று அக்கா சொல்லிவிட்டாள்.

அத்தான்: நான்கு மணி நேரம். வைகாசி முகூர்த்தம் வேறு. எனக்கு முன்னால் மூன்று மாப்பிள்ளை பெண் மாலையோடு நின்றார்கள். (பெருமூச்சு.) போகட்டும், மீன் இல்லாவிட்டால் என்ன, அமைதி இருக்கிறது. ஓய்வு பெற்றதும் இங்கேயே ஒரு சின்ன வீடு. கடல், காற்று, நான்.

மாப்பிள்ளை: குலசேகரப்பட்டினம் பக்கத்து ஊர்.

அத்தான்: இருந்துவிட்டுப் போகட்டுமே.

மாப்பிள்ளை: அங்கேதான் ராக்கெட் ஏவுதளம் வருகிறது. 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள்.

அத்தான்: ஸ்ரீஹரிகோட்டா என்ன ஆயிற்று?

மாப்பிள்ளை: அது அப்படியேதான் இருக்கிறது. ஆனால் அங்கிருந்து தெற்கே விட்டால் இலங்கை மேல் போகாமல் வளைத்துக்கொண்டு போக வேண்டும், எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். இங்கிருந்து விட்டால் நேர் தெற்கு. வழியில் ஊர் இல்லை, நாடு இல்லை, வெறும் கடல். சின்ன ராக்கெட்டுக்கு அந்த மிச்சமே பெரிசு.

அத்தான்: அதாவது, இந்தப் பக்கம் ஆளே இல்லை என்று அவர்களும் தேடி வந்திருக்கிறார்கள்.

மாப்பிள்ளை: உங்களைப் போலவே. ஆனால் அவர்கள் வரும்போது சத்தம் கொஞ்சம் அதிகமாக இருக்கும். அப்புறம், வரும் வழியில் கலங்கரை விளக்கம் என்று ஏழெட்டுப் படம் எடுத்தீர்களே...

அத்தான்: ஆமாம், அருமையாக வந்திருக்கிறது.

மாப்பிள்ளை: அது அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி.

(இந்த முறை அமைதி ஒரு முழு நிமிடம் நீடிக்கிறது.)

அத்தான்: சரி, ராக்கெட் விடுவதற்குள் இன்னொரு முறை வந்துவிட வேண்டியதுதான். செப்டம்பரில் வருகிறேன். பள்ளிக்கூடம் திறந்திருக்கும், கூட்டம் இராது.

மாப்பிள்ளை: செப்டம்பர் 14 இந்தக் கோயில் திருவிழா. நாம் இப்போது உட்கார்ந்திருக்கிற இடத்தில் அன்றைக்கு நிற்க முடியாது.

அத்தான்: அக்டோபர்?

மாப்பிள்ளை: குலசை தசரா, அதே குலசேகரப்பட்டினம்தான். லட்சக்கணக்கில் வருவார்கள், அதுவும் வேஷம் கட்டிக்கொண்டு. டீக்கடையில் உங்களுக்கு முன்னால் நான்கு எமன், ஏழு குரங்கு, இரண்டு போலீஸ் நிற்கும். அதில் எது நிஜப் போலீஸ் என்று தெரியாது.

அத்தான்: நவம்பர்?

மாப்பிள்ளை: அந்தச் சமயத்தில் கந்த சஷ்டி வரும். தேதி அக்காவுக்குத் தெரியும்.

அத்தான்: சரி, இன்றைக்குக் கிடைத்ததே போதும். (கைப்பேசியை நீட்டிப் பிடித்து, கடல் தெரிகிற மாதிரி தன்னைப் படம் எடுக்கிறார். விரல்கள் வேகமாக ஓடுகின்றன.)

மாப்பிள்ளை: என்ன செய்கிறீர்கள்?

அத்தான்: குடும்பக் குழுவில் போடுகிறேன். யாருக்கும் தெரியாத இடம் என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா?

மாப்பிள்ளை: எந்தக் குழு? நம் திருநெல்வேலிச் சொந்தக்காரர்கள் எல்லாம் இருக்கிறார்களே, அதுவா?

அத்தான்: அதேதான். ஏன்?

மாப்பிள்ளை: வைகாசி ஞாயிற்றுக்கிழமை அத்தான். அதில் பாதிப் பேர் திருச்செந்தூரில் இருப்பார்கள்.

(கைப்பேசி 'டிங்' என்கிறது. மறுபடியும் 'டிங்'.)

அத்தான்: உங்கள் பெரியப்பா. 'கோயிலை விட்டு இப்போதுதான் வெளியே வந்தோம். அங்கேயே இருங்கள், அரை மணியில் வருகிறோம்.' வேனாம். பதினெட்டுப் பேர்.

மாப்பிள்ளை: நாம் கிளம்பிவிட்டோம் என்று சொல்லிவிடட்டுமா?

அத்தான்: சொல்லு, சொல்லு. பதினெட்டுப் பேர் வந்தால் இது கடற்கரையா, கல்யாண மண்டபமா? உடனே சொல்லிவிடு. (மாப்பிள்ளை எண்ணை அழுத்துகிறார்.) இரு, இரு. பெரியம்மா கட்டுச்சோறு கொண்டு வந்திருப்பார்களா?

மாப்பிள்ளை: பெரியம்மாவா? புளியோதரையும் தேங்காய்த் துவையலும் இல்லாமல் பக்கத்துத் தெருவுக்குக்கூடப் போகமாட்டாள்.

(அத்தான் தலையிலிருந்த துண்டை எடுத்து உதறுகிறார். மணலில் முடிந்தவரை அகலமாக விரிக்கிறார்.)

அத்தான்: போனை வை. மேட்டில் ஏறி நின்று கையைக் காட்டு மாப்பிள்ளை. யாருக்கும் தெரியாத இடம், வேன் நேரே போய்விடப் போகிறது!