பழுதாகாத ஸ்கேனர்

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்ததால், விண்டோஸ் 11 உள்ள புதிய கணினிக்கு மாறினேன். பதினான்கு ஆண்டுகளாக ஒரு நாளும் மக்கர் செய்யாத என் ஸ்கேனர் அன்றோடு பயனற்றுப் போனது. விளக்கு எரிகிறது, கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் கணினி அதை அடையாளம் காண மறுக்கிறது.

விண்டோஸ் 11, ஒரே தடவையில் 64 இரும இலக்கங்களைக் கையாளும் செயலிகளுக்கான 64-பிட் வடிவில் மட்டுமே வருகிறது. பழைய 32-பிட் மென்பொருள்களை அது பெரும்பாலும் இயக்கிவிடும் என்றாலும், இயங்குதளத்தின் உட்கருவோடு நேரடியாகப் பேசும் டிரைவர்கள், அதாவது ஸ்கேனர் போன்ற கருவிகளைக் கணினி இயக்க உதவும் மென்பொருள்கள், 64-பிட்டில் எழுதப்பட்டு, முறையான மின்னொப்பமும் பெற்றிருக்க வேண்டும். இது திடீரென வந்த விதியன்று. 2007-இல் 64-பிட் விண்டோஸ் விஸ்டா விற்பனைக்கு வந்த நாள் முதல் இருப்பது. அதற்குப் பிறகு, 2011-இல் என்னிடம் விற்ற கருவிக்கு 32-பிட் டிரைவரை மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்ட தயாரிப்பாளரை என்னால் மன்னிக்க முடியவில்லை. கேட்டால், அந்த மாடலுக்கு ஆதரவு முடிந்துவிட்டது, புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார்கள். நன்றாக உழைக்கும் கருவியைக் குப்பையில் போடச் சொல்ல எப்படி மனம் வருகிறது?

லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தில் தன்னார்வலர்கள் உருவாக்கிய ‘சேன்’ என்னும் மென்பொருள், தயாரிப்பாளர்களே கைவிட்ட எத்தனையோ ஸ்கேனர்களை இன்றும் இயக்குகிறது. ஊதியமின்றி அவர்கள் செய்யும் வேலையை, விலை வாங்கிக்கொண்டு விற்றவர்கள் செய்திருக்கக் கூடாதா? அம்மாவின் திருமண ஆல்பத்தில் பாதிப் படங்கள் இன்னும் ஸ்கேன் செய்யப்படாமல் கிடக்கின்றன.