இல்லாத சுவிட்ச்சைப் போடச் சொல்கிறது என் லேப்டாப்

ஹார்டு பிளாக்டு: எஸ்.

லினக்ஸில் வைஃபை வராமல் தவித்து இந்த வரியைப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை, உங்களுக்கும் இதே இடத்தில்தான் ரத்தம் கொதித்திருக்கும். பார்க்காத புண்ணியவான்கள் விண்டோஸிலேயே சௌக்கியமாக இருங்கள், உங்களோடு எனக்குப் பேச்சில்லை.

விண்டோஸுக்குப் பதிலாக லேப்டாப்பில் போட்ட லினக்ஸ் ஜோராகத்தான் ஏறியது. பூட் ஆவது வேகம், ஃபேன் சத்தம் இல்லை, எல்லாம் சரி. வைஃபை பட்டனை மட்டும் ஆன் செய்தால் அது தானாகவே ஆஃபுக்குத் திரும்பிக்கொண்டது. வைஃபை கார்டை இயக்கும் டிரைவர் இல்லையோ என்று, உள்ளே இருக்கும் கார்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையை மைனஸ் கே சேர்த்துப் போட்டுப் பார்த்தால் கார்டும் இருக்கிறது, அதன் கீழேயே டிரைவர் பெயரும் இருக்கிறது. கார்டுக்குள் ஓட வேண்டிய மென்பொருளான ஃபர்ம்வேர்? அதுவும் லோடு ஆகிவிட்டதாம். கடைசியில், வைஃபைக்கு எங்கே தடை என்று காட்டும் ஆர்எஃப்கில் லிஸ்ட் கட்டளையை அடித்தேன். சாஃப்ட் பிளாக்டு: நோ. ஹார்டு பிளாக்டு: எஸ்.

அதாவது மென்பொருளில் தடை எதுவும் கிடையாதாம், லேப்டாப்பில் இருக்கும் வைஃபை சுவிட்ச்சை நான்தான் அணைத்து வைத்திருக்கிறேனாம்.

எந்த சுவிட்ச்? இடது பக்கம் சார்ஜர் ஓட்டை, எச்டிஎம்ஐ, யுஎஸ்பி. வலது பக்கம் ஹெட்போன், இன்னொரு யுஎஸ்பி. கவிழ்த்துப் போட்டால் திருகாணிகள், பாதி உரிந்த ஸ்டிக்கர். டார்ச் அடித்துத் தேடினேன். முன்விளிம்பில் மெல்லிசாக ஒரு கோடு தெரிந்தது, ஆஹா மாட்டினாயா என்று நகத்தால் நெம்பினால் அது ஸ்பீக்கர் வலை. இந்த மாடலில் அப்படி ஒரு சுவிட்ச்சே கிடையாது. நம்பாமல் மேனுவலைத் தேடிப் பிடித்துப் படத்தோடு ஒப்பிட்டும் பார்த்தேன், கிடையாது. ஆனால் அது அணைந்திருக்கிறது என்பதில் மட்டும் லேப்டாப்புக்குத் துளி சந்தேகம் இல்லை, வராத விருந்தாளிக்கு இலை போட்டுவிட்டு என்னைப் பரிமாறச் சொல்கிற மாதிரி!

ஆர்எஃப்கில் அன்பிளாக் ஆல் அடித்தால் ஒரு பிழைச் செய்தியாவது வர வேண்டாமா? வராது. எதுவுமே நடக்காத மாதிரி அடுத்த வரிக்குப் போய் நிற்கும். அந்தக் கட்டளை சாஃப்ட் தடையை மட்டும்தான் நீக்குமாம், ஹார்டு தடை லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் கைக்கு அப்பாற்பட்டதாம். ஏரோபிளேன் மோடு சாவியை அமுக்கினால் திரையில் விமானம் மட்டும் அழகாக வந்து போகிறது.

அப்புறம் அறிவுரை மழை. பவர் பட்டனை 30 விநாடி அமுக்கிப் பிடி. லேப்டாப்பைத் துவக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸை ரீசெட் செய். கார்டைக் கழற்றி 20ஆம் பின் என்ற உலோக முனையின் மேல் செல்லோ டேப் ஒட்டு. கேலி இல்லை, மினி பிசிஐஇ வகை வைஃபை கார்டில் வைஃபையை முடக்கும் சிக்னல் அந்தப் பின் வழியாகத்தான் வரும், நிஜமாகவே ஒட்டி ஜெயித்தவர்கள் இருக்கிறார்கள். பல்லாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய மெஷினுக்கு செல்லோ டேப் வைத்தியம்! நம்ம நண்பர் ஒருத்தர், அவருக்கு எல்லா வியாதிக்கும் ஒரே மாத்திரைதான், ஆர்ச் என்ற இன்னொரு வகை லினக்ஸ்: "அதைத் தூக்கிப் போட்டுட்டு ஆர்ச் போடு."

குற்றவாளி யார் தெரியுமா? டபிள்யூஎம்ஐ என்று பெயர் முடிகிற ஒரு குட்டி மாட்யூல், அதாவது கெர்னலோடு சேரும் மென்பொருள் துண்டு. லேப்டாப்பின் ஸ்பெஷல் சாவிகளைப் பார்த்துக்கொள்வது அதன் வேலை. அது பயாஸிடம் போய் "சுவிட்ச் எப்படி இருக்கு" என்று கேட்கிறது. பயாஸும் கூசாமல் "அணைஞ்சிருக்கு" என்கிறது. இது என் ஒருத்தன் தலைவிதியும் இல்லை. எந்தெந்த மாடலுக்கு சுவிட்ச் கிடையாது என்று கெர்னலுக்குள்ளேயே ஒரு பட்டியல் வைத்து, ஆட்கள் புகார் சொல்லச் சொல்ல ஒவ்வொரு மாடலாகச் சேர்த்துக்கொண்டிருந்த காலமும் உண்டு.

அந்த மாட்யூல் லோடே ஆகாதபடி பிளாக்லிஸ்ட்டில் போட்டு ரீபூட் செய்தேன். வைஃபை வந்தது. வால்யூம் சாவி போச்சு, பிரைட்னஸ் சாவி போச்சு. போகட்டும், எனக்கு இப்போது சிரிப்புதான் வருகிறது.

சிரிப்பு வராத விஷயம் வேறு. இவ்வளவு நேரமும் போனை யுஎஸ்பியில் செருகி அந்த நெட்டில்தானே இதையெல்லாம் தேடினேன்? நான் தேடிக்கொண்டிருக்க, பின்னால் சிஸ்டம் சத்தமே இல்லாமல் அப்டேட் இறக்கி அன்றைய டேட்டாவை முழுசாகக் குடித்துவிட்டது. சரி ரீசார்ஜ் செய்யலாம் என்று போனால் மாதம் என்பது 28 நாள். எந்த ஊர் பஞ்சாங்கம் ஐயா இது? 28 நாள் கணக்கில் வருஷத்துக்கு 13 ரீசார்ஜ். ஒவ்வொரு கம்பெனியும் 30 நாள் திட்டம் ஒன்றாவது வைக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2022இல் உத்தரவு போட்டது, அதை ஆப்பில் கண்டுபிடிப்பதற்குள் இல்லாத சுவிட்ச்சையே கண்டுபிடித்துவிடலாம். பேக் முடிய இன்னும் நாள் இருக்கிறது, அதற்குள் யாருக்கு போன் போட்டாலும் ரீசார்ஜ் செய்யச் சொல்லி ஒரு பெண் குரல் குறுக்கே வருகிறது. ஊருக்குப் பேசினால் அந்தம்மா முழுசாகப் பேசி முடித்த பிறகுதான் எங்கம்மாவுக்கு ரிங்கே போகிறது.