பொதுக் கோப்பில் எழுதியதே முடிவு அல்ல

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் அலுவலகத்துத் தின் கிளையண்டுகளை, அதாவது சர்வரோடு இணைந்து வேலை செய்யும் சிறு கணினிகளை, அமைப்பது பற்றி எழுதிய அண்ணன், "பொதுக் கோப்பில் எழுதிவிட்டால் எந்தப் பயனர் கோப்பாலும் அதை அசைக்க முடியாது" என்கிறார். அதை நம்பி வேலையில் இறங்காதீர்கள். அந்தக் கருவிகளை இயக்கும் வைஸ் தின்ஓஎஸ் மென்பொருள் அப்படி நடந்துகொள்வதில்லை.

கருவி துவங்கும்போது படிப்பது, எல்லோருக்குமான அமைப்புகள் உள்ள டபிள்யூஎன்ஓஎஸ்.ஐஎன்ஐ (wnos.ini) என்ற பொதுக் கோப்பை. பயனர் பெயரிலுள்ள கோப்பு, அவர் உள்நுழைந்த பிறகே வரும். திரையளவைத் திரையே தீர்மானிக்கட்டும் என்று பொதுக் கோப்பில் விட்டுவிட்டு, கணக்குப் பிரிவு அக்காவின் கோப்பில் மட்டும் 1024x768 என்று எழுதிப் பாருங்கள். அவர் எந்த மேசையில் உள்நுழைந்தாலும் திரை அந்த அளவில்தான் தெரியும், அடுத்தவருக்கு மாறாது.

அதற்காகப் பயனர் கோப்பே எப்போதும் வெல்லும் என்றும் சொல்லிவிட முடியாது. உள்நுழைவுத் திரை வேண்டுமா என்று தீர்மானிக்கும் சைன்ஆன் (SignOn) வரி பொதுக் கோப்பில்தான் இருக்க வேண்டும். வந்திருப்பவர் யார் என்றே தெரியாத நேரத்தில் யாருடைய கோப்பைத் தேடுவது?

ஒன்று, இவையெல்லாம் 8ஆம் பதிப்பு வரைதான். தின்ஓஎஸ் 9இல் ஐஎன்ஐ கோப்புகளுக்கு வேலையே இல்லை. அங்கே வைஸ் மேனேஜ்மென்ட் சூட் என்ற நிர்வாக மென்பொருள் வழியாகவோ கருவியிலுள்ள நிர்வாகிக் கொள்கைத் திரையிலோ அமைத்துக்கொள்ள வேண்டும்.