நீல-வெள்ளைப் பீங்கான் மிங் காலத்துக்கு முந்தையதுதான்

நீலச் சித்திரம் தீட்டிய வெள்ளைப் பீங்கான் ஜாடிகள் சீனாவின் மிங் வம்ச ஆட்சியில்தான் முதலில் உருவாயின என்று இந்த இழையில் பலர் பகிர்ந்திருக்கிறார்கள். அது சரியல்ல, நண்பர்களே. மிங் ஆட்சி தொடங்கியது 1368இல். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் டேவிட் ஜாடிகள் என்ற நீல-வெள்ளை ஜோடி அதற்கு 17 ஆண்டுகள் முந்தையது, மிங்குக்கு முன் சீனாவை ஆண்ட யுவான் வம்சக் காலத்தது. யானைத்தலைக் கைப்பிடிகள், கழுத்தில் பீனிக்ஸ், உடலைச் சுற்றி வளையும் டிராகன் என்று கைதேர்ந்த வேலை! புதிதாகப் பழகிய கை இப்படி வரையாது என்பது என் எண்ணம்.

நீங்களே சரிபார்க்கலாம். மியூசியத்தின் இணையத் தொகுப்பில் டேவிட் ஜாடிகள் என்று தேடி, கழுத்தின் இலை வரிசைக்கு நடுவே உள்ள சீன எழுத்துகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு கோயிலுக்குக் காணிக்கையாகத் தந்த செய்தி அது. 'ஷிஷெங் 11ஆம் ஆண்டு' என்றிருக்கும். ஷிஷெங் என்பது ஒரு யுவான் பேரரசரின் ஆண்டுக்கணக்கு; அதன் முதல் ஆண்டு 1341, அப்படியானால் 11ஆம் ஆண்டு 1351.